ஃப்ளெக்ஸுக்கு ஒரு வரி

தமிழ்செல்வன் ஐந்தரைக்கு எழுந்தான். மோட்டார் போட்டான். தொட்டி நிறைந்ததும் நிறுத்தினான். டீ போட்டு நின்றபடியே குடித்தான். பழைய சோற்றில் தயிரைக் கரைத்து டிபன் பாக்ஸில் அடைத்தான். எட்டு மணி பஸ்ஸைப் பிடித்தால் அறந்தாங்கி உரக்கடையில் பில் போட உட்கார நேரம் சரியாக இருக்கும். பி.எஸ்சி. படித்தவனுக்குக் கிடைத்தது அந்த வேலைதான்.

ஏழு மணிக்குப் பிச்சைமுத்து வந்தார். நாடகத்தில் பபூன் வேஷம் கட்டுகிறவர். தமிழ்செல்வனின் மனைவி பரிமளா அவருக்கு ஜோடியாக வேலைக்காரி வேஷம் போட்டவள். விளக்குமாற்றை இடுப்பில் செருகிக்கொண்டு எசமானைப் பார்த்துக் கண்ணடிக்கிற வேலைக்காரி. போன வருஷம் கட்டுமாவடியில் ஆடிவிட்டுத் திரும்பும்போது வேன் கவிழ்ந்து இறந்துபோனாள்.

"வருஷ நினைவுக்கு நாங்கள்லாம் சேந்து ஃப்ளெக்ஸ் வைக்கிறோம் தம்பி. சரின்னா பிரிண்டுக்குக் குடுத்துருவேன்" என்று போனை நீட்டினார்.

வேலைக்காரி வேஷத்தில் பரிமளா கண்ணடித்துக்கொண்டிருந்தாள். படத்துக்குக் கீழே பெரிய எழுத்தில்: 'கண்ணுல தூசியா எசமான், நான் வேணா ஊதி விடவா?'

"இது என்னண்ணே?"

"அது கடைசியாப் பேசுனது. விசில் அடங்க அஞ்சு நிமிசம் ஆச்சு. எசமானா நடிச்சவனே சிரிச்சுட்டுப் பேச்ச மறந்துட்டான்."

"அது வசனம்ணே. வேன்ல ஒண்ணும் பேசலயா?"

"ஏறுனதும் தூங்கிருச்சு." பிச்சைமுத்து தலையைச் சொறிந்தார். "வீட்டுல ஒங்ககிட்ட என்ன சொல்லிட்டு வந்துச்சு? சொல்லுங்க, அதையே போட்ருவோம். ஊரு கண்ணுக்கு அது கடைசிவரைக்கும் வேலைக்காரியாவே நிக்க வேணாம்."

வீட்டில் அவள் கண்ணடித்ததே இல்லை. பேச்சும் குறைவு. அவள் நாடகத்தை அவன் ஒரே ஒரு தடவைதான் பார்த்தான், கீரமங்கலத்தில், கூட்டத்தின் கடைசியில் நின்று. பக்கத்தில் விசிலடித்தவன், "எந்த ஊரு புள்ளண்ணே? கண்ணாலயே ஆளத் தூக்குது" என்றான். தெரியாது என்று இவன் சொல்லிவிட்டான். வீட்டுக்கு வந்து அதை அவளிடமும் சொன்னான். ஏன் சொன்னானோ. அவள் முகத்துப் பவுடரைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டாள். அதன்பிறகு அவன் நாடகம் நடக்கிற பக்கமே போகவில்லை.

"ஞாபகம் வரலயா தம்பி?"

"இல்லண்ணே. இதையே போட்ருங்க."

பிச்சைமுத்து போய்விட்டார். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. தமிழ்செல்வன் டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

ஞாபகம் இருந்தது. எழுதி வைத்தால் அதற்கும் நாலு பேர் விசிலடிப்பார்கள். கட்டுமாவடிக்குக் கிளம்பிய அன்றைக்கு வாசலில் வேன்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். அவள் இழுப்பறையைக் குடைந்தாள். இவன் போனிலிருந்து தலையைத் தூக்காமல், நீயே தேடு என்பதுபோல் கையைக் காட்டினான். அவள் கேட்டது இவ்வளவுதான்:

"ஊக்கு ஒண்ணு இருந்தா குடுங்களேன். முந்தானை நிக்க மாட்டேங்குது."