ஞானி மாட்டிக்கொண்ட இருபத்திரண்டு நிமிடங்கள்

லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் அவருக்கு 'ஞானி' என்று பேர். உள்ளே மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களிடம், கதவுக்கு வெளியே நின்றபடி, "பதறாதீங்க, ஒண்ணும் ஆகாது, மூச்ச நிதானமா இழுத்து விடுங்க" என்று பதினெட்டு வருடங்களாகச் சொல்லிச் சொல்லியே வாங்கிய பட்டம். வைத்தவர்கள் கிண்டலாக வைத்தார்களோ என்னவோ, அவர் அதை மரியாதையாகவே எடுத்துக்கொண்டார். போகப் போக, பதற்றம் என்பது தன்னைத் தவிர மற்றவர்களுக்கு வருகிற வியாதி என்றே நம்பத் தொடங்கிவிட்டார். மனைவியின் கையிலிருந்து ஒரு தட்டு நழுவினால்கூட, "மனசு ஒரு இடத்துல நின்னா கை ஏன் நழுவப்போகுது?" என்பார். அவள் உடைந்ததைக் கூட்டி அள்ளுவாள்.

அன்று ஏழு மாடிக் கட்டடம் ஒன்றில் மாதாந்திர வேலையை முடித்துவிட்டு, கையெழுத்து வாங்க மேலே போய்க்கொண்டிருந்தார். கூடவே, ஐந்தாம் மாடி வக்கீல் ஆபீஸில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி, இடுப்பு உயரச் செடி ஒன்றைத் தொட்டியோடு இழுத்துக்கொண்டு ஏறியிருந்தாள். மூன்றாம் மாடியைத் தாண்டியதும் ஒரு குலுக்கல். லிஃப்ட் நின்றுவிட்டது. மூலையில் சின்ன அவசர விளக்கு மட்டும் எரிந்தது.

ஞானி புன்னகை செய்யத்தான் நினைத்தார். வாய் ஒத்துழைக்கவில்லை. இத்தனை வருடத்தில் நின்றுபோன லிஃப்டின் கதவுக்கு உள்பக்கம் ஒரு தடவைகூட நின்றதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. சட்டை முதுகோடு ஒட்டியது. வேலை செய்யாது என்று நன்றாகத் தெரிந்த பொத்தான்களை எல்லாம் அழுத்தினார். அவசர மணியில் வைத்த கட்டைவிரலை எடுக்கவே இல்லை.

ஒருவழியாக ஸ்பீக்கரில் கம்பெனித் தொலைபேசிப் பெண்ணின் குரல் வந்தது. எதையோ பார்த்துப் படித்தாள். "பதறாதீங்க சார். உள்ள காத்து தாராளமா இருக்கு. கண்ண மூடி, உங்களுக்குப் பிடிச்ச ஒரு இடத்த நினைச்சுக்கோங்க."

"எனக்கு இப்போ பிடிச்ச ஒரே இடம் வெளியதான். எந்த முட்டாள் இதையெல்லாம் எழுதிக் குடுத்தான்?" என்று கத்தினார்.

ஸ்பீக்கர் கொஞ்ச நேரம் கரகரத்தது. "ஞானி சாரா பேசுறது?" என்றாள் தயக்கத்தோடு. "இது நீங்க எழுதினதுதான் சார். கீழ உங்க கையெழுத்துகூட இருக்கு."

செடிக்காரப் பெண் தரையில் உட்கார்ந்துகொண்டாள். "நீங்க லிஃப்ட் சரிபண்றவர்தானே? சட்டையில போட்டிருக்கே."

ஞானி கம்பெனிப் பேரை உள்ளங்கையால் மூடிக்கொண்டார். "உள்ளேயிருந்து ஒண்ணும் செய்ய முடியாதும்மா."

"அப்போ உக்காருங்க. நின்னாலும் அதே நேரந்தான் ஆகப்போகுது. எனக்கும் பயமாத்தான் இருக்கு, அதான் தொட்டியக் கட்டிப் பிடிச்சிருக்கேன். அந்தப் பக்கம் காலியா இருக்கு, நீங்க பிடிச்சுக்கோங்க."

இருபத்திரண்டு நிமிடம் கழித்துக் கதவைத் திறந்த சக ஊழியர்கள் இரண்டு பேர், தலைமுடியில் ஓர் இலையோடு, கண்களை இறுக்கி மூடி, பூந்தொட்டியைக் கட்டிக்கொண்டிருந்த ஞானியைப் பார்த்தார்கள்.

சாயங்காலம் வீட்டில் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து, நடந்ததை மனைவியிடம் ஒன்றுவிடாமல் சொன்னார். "நான் பயந்தாங்கொள்ளின்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது" என்று முடித்தார்.

"எனக்கு அப்பவே தெரியும்" என்றாள் அவள், துணி மடித்தபடி. "மக பொறந்தப்போ ஆஸ்பத்திரியில மயங்கி விழுந்தது யாரு? புழுக்கம்னு சொன்னீங்க. சரின்னு விட்டுட்டேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"ஞானியா இருக்குறதுல உங்களுக்கு அவ்வளவு சந்தோஷம். அத ஏன் நான் கெடுக்கணும்?"

முதலில் கோபம்தான் வந்தது. அது எழுந்து நிற்பதற்குள், அடிவயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பி அதைத் தள்ளிவிட்டது. கண்ணில் நீர் வரச் சிரித்தார். விறைப்பாகவே வைத்துப் பழகிய தோள்கள் இரண்டும் தாமாக இறங்கின. அவளும் மடித்த துணியை முகத்தில் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

மறுநாள் ஆபீஸில் யாரும் கேட்பதற்கு முன்னால், டீ நேரத்தில் அவரே கதையை எடுத்துவிட்டார். இலையைப் பற்றிச் சொல்ல மறந்ததை மற்றவர்கள் நினைவுபடுத்தினார்கள்.

அந்த வாரக் கடைசியில் மனைவியிடம் தயங்கித் தயங்கி ஒரு விஷயம் சொன்னார். எட்டு மாதமாக ஒரு கடைவாய்ப்பல் உயிரை வாங்குகிறது. வலியைப் பொருட்படுத்தாதவன் என்று காட்டிக்கொண்டு இடது பக்கமாகவே மென்றுகொண்டிருக்கிறார். உண்மையில் ஊசிக்குப் பயம். "நீயும் கூட வர்றியா?"

பல் ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டாள், "ஊசின்னா பயமா சார்?"

"ரொம்ப. கொஞ்சம் சத்தம் போடுவேன், தப்பா எடுத்துக்காதீங்கம்மா."

சொன்னபடியே சத்தம் போட்டார். வெளியே வந்தபோது பாதி வாய் மரத்திருந்தது. "கேத்துச்சா?" என்றார் குழறலாக, வாசலில் காத்திருந்த மனைவியிடம்.

"தெரு முனை வரைக்கும் கேட்டுச்சு" என்றாள் அவள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் வெயில் அடித்தது. ஒரு நிறுத்தம் தாண்டுவதற்குள், அவள் தோளில் தலையைச் சாய்த்து, வாய் கோணித் திறந்திருக்க, யார் பார்க்கிறார்கள் என்ற கவலையே இல்லாமல் தூங்கிப்போனார்.