கூப்பிட ஒரு ஆள், சொல்ல ஒரு ஆள்

நான் பைலட்டு இல்ல. இத மொதல்லயே சொல்லிருதேன். "டெபோரா பிளேன் ஓட்டப் படிக்கா"ன்னு தெருவுலயும் சர்ச்சுலயும் சொல்லுதவங்களுக்கு வெளக்கம் சொல்லியே என் வாய் ஓஞ்சிபோச்சு. நான் விமானத்த ரிப்பேர் பாக்கப் படிக்கவ. பரிச்சையெல்லாம் பாஸாகி, இப்ப ரெண்டு வருஷ வேலப் பயிற்சி. செஞ்ச வேலைய எல்லாம் ஒரு நோட்டுல எழுதி, இஞ்சினியர்கிட்ட கையெழுத்து வாங்கணும். அது நெறஞ்சாத்தான் லைசென்ஸு. வெள்ளிக்கெழம கடைசிக் கையெழுத்து. இது நடந்தது செவ்வாக்கெழம.

பாளையங்கோட்டையில இருந்து பஸ்ல முக்கால் மணி நேரம், சின்ன ஏர்போர்ட்டு. எங்க கம்பெனிக்கு அங்கன ரெண்டே பேரு: நானும் இஞ்சினியர் ஜாஸ்பர் சாரும். சார் திசையன்விளைக்காரவ. ஒரு நாளைக்குப் பத்து வார்த்த பேசுனா அதிகம். கூடப் படிச்சு இங்கனயே வேல பாத்த ஷமீம் ஒம்பது மாசத்துக்கு முன்ன சார்ஜா போயிட்டான். அம்மாவும் அண்ணன் பிள்ளையப் பாக்க மஸ்கட் போயிட்டா. சாயங்காலம் வீட்டுக் கதவத் தொறந்தா, காலையில நான் குடிச்ச டம்ளர் வச்ச எடத்துலயே இருக்கும். அதப் பாத்தாலே எனக்கு எரிச்சலா வரும்.

எங்க வேலையில ஒரு முறை உண்டு. விமானம் கெளம்புததுக்கு முன்ன டூல் பெட்டிய எண்ணணும். நாப்பத்திமூணு சாமான், ஒவ்வொண்ணுக்கும் அதது வடிவத்துல ஒரு குழி. ஒரு ஆள் பேரக் கூப்பிடணும், இன்னொரு ஆள் அதத் தொட்டு "இருக்கு"ன்னு சொல்லணும். ரெண்டு பேரும் தாள்ல கையெழுத்துப் போடணும். ஒரு சாமான் விமானத்துக்குள்ள கெடந்துட்டா ஆளக் கொன்னுரும். ஷமீம் இருந்தவரைக்கும் அவன் கூப்பிடுவான், நான் சொல்லுவேன். நடுவுல "டெபோரா மூளை?"ன்னு கேப்பான், மண்டையில ஒண்ணு போடுவேன். அவன் போனப்புறம் நானே கூப்பிட்டு நானே சொல்லுதேன். சார் டீ குடிச்சிட்டே ரெண்டாவது கையெழுத்தப் போட்டுருவாவ.

சர்ச்சுல பைபிள் சங்கீதம் வாசிப்போம்லா, போதகர் ஒரு வசனம், சபை ஒரு வசனம். ரெண்டையும் ஒருத்தியே வாசிச்சா வாய் அதுபாட்டுக்கு ஓடும். அன்னைக்கும் ஓடிச்சு. விமானம் போனப்புறம் பெட்டியத் தொடைக்கேன், ஒரு குழி காலி. நீளக் காம்பு வச்ச வட்டக் கண்ணாடி, சக்கரத்துக்கு மேல எட்டாத எடத்தப் பாக்கதுக்கு. பாத்தது நான். திருப்பி வச்சது ஞாபகமில்ல. "இருக்கு"ன்னு சொன்னது மட்டும் நல்லா ஞாபகம் இருந்துச்சு.

கடியாரத்தப் பாத்தேன். சென்னையில எறங்குன விமானம் இன்னும் இருவது நிமிஷத்துல அடுத்த ஊருக்குக் கெளம்பும். சொன்னா என் நோட்டு போச்சு. சாரும் மாட்டுவாவ, ரெண்டாவது கையெழுத்து அவுகளோடதுல்லா. ஷமீமுக்குப் போன் போட்டேன், எடுக்கல. அந்த மாதிரி ஒத்தையில நான் என்னைக்கும் நின்னதில்ல.

பைய நடந்து போனேன். சார் சோறு தின்னுக்கிட்டு இருந்தாவ.

"சார், கண்ணாடியக் காணும்."

"எண்ணுனியா?"

"எண்ணுனேன்."

"யாரு கூப்பிட்டா?"

"நாந்தான்."

"யாரு சொன்னா?"

"நாந்தான் சார்."

சார் சோத்தத் தள்ளி வச்சிட்டு என்னப் பாத்தாவ. வாய மூடுன்னு சொல்லிட்டா நான் மூடிருவேனோன்னு எனக்கு என்மேலயே பயம். சத்தியமாச் சொல்லுதேன், மூடியிருந்தாலும் மூடியிருப்பேன். சார் எந்திச்சு, கைகூடக் கழுவாம, இடது கையால சென்னைக்குப் போன் போட்டாவ.

"விமானத்த நிறுத்துங்க. டூல் ஒண்ணு காணும். எண்ணுனதாக் கையெழுத்துப் போட்டவன் நான். நான் எண்ணல."

கண்ணாடி சக்கரத்துக்கு மேல, குழாய்களுக்கு நடுவுல கெடந்துச்சாம். ஏறி ஒக்காந்த எழுவது பேரயும் எறக்கிட்டுத்தான் எடுத்திருக்காவ. மறுநாளே கண்ணாடியோட விசாரணைக்கு ஆள் வந்துட்டு. எனக்கு ஆறு மாசம் பயிற்சி நீட்டிப்பு. சார் மூணு மாசத்துக்கு விமானத்த அனுப்பவும் கையெழுத்துப் போடக்கூடாது, என் நோட்டுலயும் போடக்கூடாது. அதுக்கு மதுரையில இருந்து ஒருத்தர் வருவாரு. சார் ஒத்தாசைக்கு நிக்கலாம், அவ்வளவுதான்.

"ஏட்டி, ஒன்ன யாரு சொல்லச் சொன்னா?"ன்னு அம்மா போன்ல அழுதா. நானும் அழுதேன். போன வச்சப்புறம் எந்திச்சு டம்ளரக் கழுவுனேன்.

வியாழக்கெழம வேல முடிஞ்சு பெட்டியத் தொறந்தேன். தாள எடுத்து, கூப்பிடுததுக்குத் தொண்டையச் செருமுனேன். பக்கத்துல சார் வந்து நின்னாவ. எனக்கு அவுக மூஞ்சப் பாக்க முடியல.

"ஒத்தாசைக்குன்னுதான என்னப் போட்டிருக்காவ? தாளக் கொண்டா. நான் கூப்பிடுதேன், நீ தொட்டுச் சொல்லு."

மூக்குக் கண்ணாடிய ஏத்திக்கிட்டு, "எட்டாம் நம்பர் ஸ்பேனர்"ன்னு கூப்பிட்டாவ.

ஒம்பது மாசமா அந்தப் பெட்டி முன்னால என் சத்தத்தத் தவிர வேற சத்தம் கேட்டதில்ல. கண்ணீர் கண்ண மறைச்சிருச்சு. கையால தடவித்தான் கண்டுபிடிச்சேன்.

"இருக்கு சார்."

"அழாமச் சொல்லு பிள்ள," ன்னாவ சார். "இன்னும் நாப்பத்திரெண்டு கெடக்கு."