ஒட்டுச் சீட்டு

அப்பாவின் தாடையைக் கட்ட ஒரு வெள்ளைத் துணி வேண்டியிருந்தது. வீட்டில் வெள்ளைத் துணிக்குப் பஞ்சமில்லை. பீரோவின் மேலே, அரிசி டிரம்முக்குப் பின்னால், சாமி படத்துக்குக் கீழே என்று மூட்டை மூட்டையாகத் துண்டுகள். எதை உதறினாலும் நடுவில் சிவப்பு மையில் ஒரு கட்டில் படம். கீழே 'உங்கள் சின்னம் கட்டில்'. இசைவாணி ஏழெட்டுத் துண்டுகளைப் பிரித்துப் பார்த்துவிட்டு, கடைசியில் ஒன்றைப் படம் உள்பக்கம் போகும்படி மடித்து, அப்பாவின் தாடைக்கு அடியில் கொடுத்து உச்சியில் முடிச்சுப் போட்டாள். காதோரம் ஒரு கட்டில் கால் மட்டும் எட்டிப் பார்த்தது. அதையும் விரலால் உள்ளே தள்ளினாள்.

அப்பா சீனிச்சாமியை விடிகாலை ஐந்தரைக்கு டீ குடிக்க எழுப்பியபோது அவர் எழுந்திருக்கவில்லை. வயது அறுபத்து மூன்று. நாரணாபுரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் முப்பத்தோரு வருஷம் திரி வெட்டியவர். வெடிக்க வேண்டியதெல்லாம் அவரை விட்டுவைத்திருக்க, தூக்கத்தில் சத்தமில்லாமல் போயிருந்தார். அவருடைய மகன் முனியராஜ், இசைவாணிக்கு ஐந்து வயது இளையவன், சட்டமன்றத் தேர்தலில் சுயேச்சை வேட்பாளர். பிரச்சாரம் அன்று மாலை ஆறு மணிக்கு ஓய வேண்டும். அப்பா ஓய்ந்ததற்கும் பிரச்சாரம் ஓய்வதற்கும் நடுவே பன்னிரண்டரை மணி நேரம் இருந்தது. அதை வீணாக்கக் கூடாது என்பது வேட்பாளரின் எண்ணம்.

"எக்கா, நாலரைக்கு எடுக்குறோம். மெயின் ரோட்டச் சுத்தி, பஸ் ஸ்டாண்டு முக்குல ஒரு அஞ்சு நிமிசம் நிப்பாட்டி…"

"எதுக்கு நிப்பாட்டணும்?"

"சனங்க கடைசியா ஒருவாட்டி பாக்க வேண்டாமா?"

"அப்பாவயா, ஒன்னயா?"

முனியராஜுக்கு அந்த நேரம் பார்த்து போன் வந்தது. வராவிட்டாலும் எடுத்திருப்பான்.

பத்து மணிக்குப் போஸ்டர் வந்தது. பால்பாண்டி கொண்டுவந்தான். தேர்தல் பணிக்குழுத் தலைவர் அவன். குழுவில் மொத்தம் நான்கு பேர், நான்கு பேரும் தலைவர்கள். எதிர் வீட்டுச் சுவரில் முதல் போஸ்டரை ஒட்டிவிட்டு, "பாருங்கக்கா, அப்பாவுக்கு எம்புட்டு மரியாத பண்ணியிருக்கோம்னு," என்றான்.

இசைவாணி சிவகாசியில் ஓர் அச்சகத்தில் ஒன்பது வருஷமாகப் புரூப் பார்க்கிறாள். காலண்டர், கல்யாணப் பத்திரிகை, கணக்கு நோட்டு அட்டை. கண்ணில் எழுத்துப் பட்டால் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை வாசிக்காமல் விடமாட்டாள். பஸ் டிக்கெட்டைக்கூட வாசித்துவிட்டுத்தான் மடிப்பாள்.

போஸ்டரின் உச்சியில், கறுப்பு எழுத்தில், கண்ணீர் அஞ்சலி. அதற்கு நேர் கீழே, வெள்ளைச் சட்டையில், கைகூப்பிச் சிரிக்கும் முனியராஜ், ஆளுயரத்தில் பாதி. தலைவர்களின் படங்கள் வட்ட வட்டமாக வரிசை கட்டும் இடத்தில், கடைசி வட்டத்தில், ரேசன் கார்டிலிருந்து எடுத்த அப்பா. கீழே இப்படி இருந்தது: 'வருங்கால சட்டமன்ற உறுப்பினர், இளைஞர் எழுச்சி நாயகன் முனியராஜ் அவர்களின் பாசமிகு தந்தையார் இயற்கை எய்தினார்.' பக்கத்தில் கட்டில். அடியில் பொடி எழுத்தில், தேர்தல் சட்டப்படி, அச்சகத்தின் பெயர், முகவரி, பிரதிகள் ஐந்நூறு.

ஒருமுறை மேலிருந்து வாசித்தாள். இன்னொரு முறை கீழிருந்து வாசித்தாள்.

"ஏலே முனியராசு, அப்பா பேரு எங்கலே?"

முனியராஜ் பார்த்தான். பால்பாண்டியும் பார்த்தான். இரண்டு பேரும் போஸ்டரின் பின்பக்கத்தில் இருக்குமோ என்பதுபோல் சுவரைப் பார்த்தார்கள்.

"அதான் மேல போட்டோ இருக்குல்லக்கா."

"போட்டோவுக்குக் கீழ பேரு?"

"தலைவருகளுக்குப் பேரு போடுற வழக்கமில்லக்கா," என்றான் பால்பாண்டி.

பொடி எழுத்தில் இருந்தது அவளுடைய அச்சகத்தின் பெயர்தான். போன் போட்டாள். மெஷின்மேன் கருப்பணன் எடுத்தார். "நான் கேட்டேன் தாயி, புரூப் யாரு பாத்ததுன்னு. பாக்குற ஆளு இன்னைக்கி லீவுன்னாக. ஏன் லீவுன்னு கேட்டேன், அப்பா தவறிட்டாருன்னாக. அதுக்குள்ள ஐநூறும் ஓடிருச்சு."

"திரும்ப அடிக்கணும்லே," என்றாள் தம்பியிடம்.

"டைம் இல்லக்கா. அப்பாவ ஊருக்கே தெரியும். பேரு போட்டுத்தானா தெரியணும்?"

ஊருக்குத் தெரிந்த லட்சணம் பதினொன்றரைக்குத் தெரிந்தது. அப்பாவோடு வேலை பார்த்த முருகம்மாளும் ஏழெட்டுப் பெண்களும் கம்பெனி வேனில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்திறங்கினார்கள். முருகம்மாள் தெருமுனையிலேயே மாரில் அடித்துக்கொண்டாள்.

"எய்யா முனியராசு! ஓட்டுக் கேட்டு வந்தியே ராசா! எண்ணுறதுக்கு முன்னாடியே போயிட்டியே!"

முனியராஜ் ஓடிப்போய் எதிரில் நின்றான். "எத்தே, நான் இருக்கேன்."

முருகம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள். "அப்ப அதுல கண்ணீர் அஞ்சலின்னு போட்டு ஒன் படம்?"

"அப்பா தவறிட்டாரு எத்தே."

"யாரு, சீனியண்ணனா?" அழுகை நின்றது. நின்ற இடத்திலேயே, சத்தமில்லாமல், வேறோர் அழுகை தொடங்கியது. இசைவாணி அவளைக் கைப்பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். காலையிலிருந்து அந்த வீட்டில் அப்பாவின் பெயரைச் சொன்ன முதல் ஆள் முருகம்மாள்தான்.

பன்னிரண்டு மணிக்குத் தேர்தல் பறக்கும் படை வந்தது. ஒரு ஜீப், ஒரு போலீஸ்காரர், கேமராவோடு ஒருவர், கண்ணாடி போட்ட ஓர் அதிகாரி. மற்ற நாட்களில் கூட்டுறவுத் துறையில் தணிக்கை செய்கிறவர். அவர் போஸ்டரை அடியிலிருந்து வாசிக்கத் தொடங்கியதை இசைவாணி கவனித்தாள்.

"அச்சகம் இருக்கு. பிரதி எண்ணிக்கை இருக்கு. சின்னம் இருக்கு. வேட்பாளர் இருக்கார்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இறந்தது யாருங்க?"

"எங்கப்பா சார்," என்றான் முனியராஜ்.

"அது உங்களுக்குத் தெரியும். போஸ்டருக்குத் தெரியலையே. பேர் இருந்தா இது துக்கம். இல்லேன்னா பிரச்சாரம். அனுமதியில்லாம ஐந்நூறு சுவர். சூலக்கரை கலெக்டர் ஆபீசுக்கு ரெண்டு புகார் போயிடுச்சு. மூணு மணிக்குள்ள கிழிக்கணும், இல்லாட்டி சரிபண்ணணும். அப்படியே விட்டா ஊர்வலத்தையும் பிரச்சார ஊர்வலம்னுதான் எழுதுவேன்."

பிறகு அவருடைய பார்வை வாசலுக்குப் போனது. அப்பா கட்டிலில் கிடந்தார்.

"இது… சின்னமில்ல?"

அதுவரை சுவரோரம் சாய்ந்திருந்த அம்மா இருளம்மாள் நிமிர்ந்தாள். "அது அவுக படுக்குற கட்டிலுய்யா. எங்கண்ணன் என் கல்யாணத்துக்கு வாங்கிப் போட்டது. இந்தப் பயலுக்கு நீங்க போன மாசந்தான குடுத்தீக?"

கேமராக்காரர் கேமராவைத் தாழ்த்தினார். அதிகாரி கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "கால் தெரியாம ஒரு போர்வை போட்டுக்கோங்கம்மா. எனக்கும் மேல பதில் சொல்லணும்," என்று மெதுவாகச் சொல்லிவிட்டு ஜீப்பில் போய் உட்கார்ந்தார்.

முனியராஜுக்கு வியர்த்து, கஞ்சி போட்ட சட்டை முதுகோடு ஒட்டியது. "ஐநூறையும் எப்பிடிக்கா மூணு மணிக்குள்ள கிழிக்க? கிழிச்சா ஊரே சிரிக்குமே!"

"கிழிக்க வேண்டாம். ஒட்டுச் சீட்டு போடுவோம்."

"ஓட்டுச் சீட்டா? அது ஆபீசர் தர்றதுல்லக்கா?"

"ஓட்டு இல்லலே, ஒட்டு. ஒன் வாயில வேற எதுவுமே வராதா?"

காலண்டரில் தேதி தப்பிப்போனால் அச்சகத்தில் செய்கிற வேலைதான். சரியானதை ஒரு துண்டுத் தாளில் அடித்து, தப்பின் மேல் ஒட்டிவிடுவார்கள். இசைவாணி சுவரோடு சாய்ந்து போஸ்டரில் சாண் வைத்து அளந்தாள். 'வருங்கால' தொடங்கி 'நாயகன்' வரைக்கும் இரண்டு சாண்.

"அக்கா, அந்த வரிய விட்டுட்டு வேற எடத்துல…" என்றான் பால்பாண்டி.

"வேற எடம் எங்க இருக்கு? நீயே காட்டு."

முனியராஜ் ஜீப்பைப் பார்த்தான்.

அப்பாவை வாசலில் விட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு அச்சகத்துக்குப் போகிற மகளை ஊர் என்ன சொல்லும் என்று யாரோ பின்னால் முனகினார்கள். இசைவாணி காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கருப்பணன் சின்ன மெஷினைத் துடைத்து வைத்திருந்தார். "மேட்டர் சொல்லு தாயி. 'பாசமிகு', 'பண்பாளர்', எதாச்சும் போடுவமா?"

அவளே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அடித்தாள். ச. சீனிச்சாமி.

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான்."

முதல் தாளை எடுத்து, வழக்கம்போல் அவளிடம் நீட்டினார். "புரூப் பாத்துரு."

ஒரே ஒரு பெயர். அவள் வாசிக்க வெகுநேரம் ஆனது. கருப்பணன் மெஷினின் சக்கரத்தில் இல்லாத அழுக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். கடைசியில் அவள் தாளின் ஓரத்தில் தேதி போட்டு, 'சரி' என்று எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

அவள் சீட்டுக் கட்டோடு திரும்பியபோது மணி ஒன்றேகால். வீட்டில் மைதாப் பசை தயாராக இருந்தது. காய்ச்சியவள் முருகம்மாள். வெடிக் குழாயில் லேபிள் ஒட்டியே இருபத்தெட்டு வருஷத்தை ஓட்டியவர்கள் அந்தப் பெண்கள். பிரச்சார டெம்போவில் ஏறிக்கொண்டார்கள். டெம்போ வாழ்க்கையில் முதல்முறையாக மைக் இல்லாமல் தெருத்தெருவாகப் போனது. பணிக்குழுத் தலைவர்கள் நான்கு பேரும் பசை வாளியைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினார்கள்.

"கோணலா ஒட்டாதடி, சீனியண்ணனுக்குக் கோணல் ஆவாது! திரி அரை இஞ்சு கூடுனாலே கத்துவாரு!"

"ஏ பால்பாண்டி, வாளியச் சாய்க்காத! ஒங்க கட்சிய விடப் பச நல்லாப் பிடிக்குது!"

"நாங்க கட்சி இல்லக்கா, சுயேச்ச."

"அதான பாத்தேன்."

மூன்று மணிக்கு அதிகாரி நான்கு தெரு சுற்றிப் பார்த்தார். எல்லாச் சுவரிலும் ச. சீனிச்சாமி முனியராஜ் அவர்களின் பாசமிகு தந்தையாராக இயற்கை எய்தியிருந்தார். அதிகாரி நோட்டில் ஏதோ எழுதி மூடினார். "பஸ் ஸ்டாண்டுல நிக்கக் கூடாது," என்று மட்டும் முனியராஜிடம் சொன்னார். போகும்போது கட்டிலின் பக்கம் திரும்பி, யாரும் பார்க்காத மாதிரி, கைகூப்பினார்.

நாலரைக்கு எடுத்தார்கள். கொள்ளிச் சட்டி தூக்குகிறவன் மேல்சட்டை இல்லாமல் நடக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லிப் பார்த்தார்கள். "சுடுகாட்டுல போயிக் கழத்திக்கிறேன்," என்றான் முனியராஜ். ஆறு மணிக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. தொகுதிக்கு அவனை வெள்ளைச் சட்டையில்தான் தெரியும். முருகம்மாள் அவனை இழுத்து அணைத்து, முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். "போயிட்டு வாய்யா. தங்கமான மனுசன் ஒங்கப்பன்." அவளுடைய பத்து விரலிலும் பசை காய்ந்து உரிந்துகொண்டிருந்தது.

பெண்கள் தெருமுனை வரைக்கும்தான் போகலாம். இசைவாணி பாடைக்கு முன்னால், தம்பிக்கு இரண்டடி பின்னால் நடந்தாள். அப்போதுதான் பார்த்தாள். அவன் முதுகில், இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே, மயிரிழை கோணாமல், கறுப்பு எழுத்தில், ச. சீனிச்சாமி.

பின்னால் வந்த கூட்டம் முழுவதும் அதை வாசித்துக்கொண்டு வந்தது. சின்னக் குரலில் ஒரு பிள்ளை எழுத்துக் கூட்டுவதும் கேட்டது. வேட்பாளர் நிமிர்ந்த நெஞ்சோடு, இரண்டு பக்கமும் வீட்டு வாசல்களைப் பார்த்துத் தலையசைத்தபடி நடந்துகொண்டிருந்தார்.

தெருமுனை வந்தது. பெண்கள் நின்றார்கள். சீட்டின் இடது ஓரம் மட்டும் லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தது. இசைவாணி இரண்டடி கூடுதலாக எட்டி வைத்து அவன் முதுகைத் தொட்டாள்.

"என்னக்கா?" கையில் கனல் இருந்ததால் அவனால் திரும்ப முடியவில்லை.

"ஒண்ணுமில்லலே. நூலு பிரிஞ்சிருக்கு. நேராப் பாத்து நட."

ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தி, பசை பிடிக்கும்வரை அப்படியே வைத்திருந்தாள்.