மாப்பிள்ளை அழைப்புக்கு வந்த பந்தயக் கார்

உலகத்திலேயே இந்த மாதிரி இருநூறு கார்தான் செய்தார்களாம். என் கணவர் குமரேசன் திருவண்ணாமலை முழுக்க இதைச் சொல்லிக்கொண்டு திரிந்தார். மற்றதை எல்லாம் வைத்திருந்தவர்கள் புத்தியுள்ளவர்கள், எடைக்குப் போட்டிருப்பார்கள்.

செங்கம் ரோட்டில் ஒரு விடுதியின் பின்பக்கம், ஞானம் தேடி வந்த வெள்ளைக்காரர் ஒருவர் அதை விட்டுவிட்டுப் போயிருந்தார். காரை விட்டுப் போனதைப் பார்த்தால் அவருக்கு ஞானம் கிடைத்திருக்க வேண்டும். இரண்டே பேர் உட்காரக்கூடிய, கூரையில்லாத பந்தயக் கார். உள்ளே கோழி அடைந்திருந்தது. இவர் அதை வீட்டுக்கு இழுத்து வந்து மூன்று வருஷம் பிரித்து மாட்டினார். இன்ஜினின் மேல்பாகம், ஹெட் என்பார்கள், அதை மட்டும் இங்கிலாந்தில் யாரோ கிழவரிடம் கெஞ்சி வாங்கினார். இனி அது எங்குமே கிடைக்காதாம். எனக்குக் காய்ச்சல் என்றால் மாத்திரை வாங்க மறக்கிற மனுஷன், காரைத் துடைக்க ஒரு நாளும் மறந்ததில்லை.

இதற்கிடையில் என் நாத்தனார் சுகந்திக்கு நிச்சயதார்த்தம் வந்தது. மாப்பிள்ளையின் சித்தப்பா திருமலை, கீழ்பென்னாத்தூரில் உரக்கடை வைத்திருப்பவர். வாயும் ஒரு கடை அளவுக்கு உண்டு.

"மாப்ள அழைப்புக்குக் காரு நாங்களே கொண்டாந்துடறோம். பாவம், உங்களுக்கு எதுக்கு கஷ்டம்" என்றார், சபைக்கு நடுவே. சுகந்தி தலையைக் குனிந்துகொண்டாள்.

"எங்க காருலதான் மாப்ள வருவாரு" என்றார் இவர்.

கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம் பிள்ளையார் கோயில் வாசலில் காரை நிறுத்தினார். திருமலையின் ஆட்கள் முகப்பு முழுக்க ரோஜாவைக் கட்டி, காற்று நுழைகிற கம்பி வலையையே மூடிவிட்டார்கள். காற்று போனால்தான் இன்ஜின் சூடு தணியும். இவர் போய்ச் சொன்னார்.

"மாப்ள காருக்குக் கட்டின பூவப் பிக்கிறதா? நல்ல காரியத்துல அபசகுனமா பேசாதீங்க" என்றார் திருமலை. உரம் விற்கிறவருக்கு சகுனம் தெரிகிறது, சூடு தெரியவில்லை.

ஊர்வலம் கிளம்பியது. காற்றைக் கிழித்துக்கொண்டு பறப்பதற்கென்றே செய்த கார், மேளத்துக்குப் பின்னால் நத்தையாக நகர்ந்தது. முக்குக்கு முக்கு மாப்பிள்ளையின் கூட்டாளிகள் நிறுத்தி ஆடினார்கள். பாதி வழியில் ரோஜாவுக்கு நடுவே ஆவி கிளம்பியது. சாம்பிராணி என்று நினைத்து ஒரு கிழவி கும்பிட்டாள்.

நான் பக்கத்தில் ஓடி, "ஏங்க, ஆஃப் பண்ணுங்க. தள்ளிட்டுப் போலாம்" என்றேன்.

"இன்னிக்குத் தள்ளிட்டுப் போனா, சுகந்தி அந்த வூட்ல காலத்துக்கும் பேச்சு கேக்கணும், ரேவதி."

இவர் கால் ஆக்ஸிலரேட்டரிலேயே இருந்தது. உள்ளே இரும்பு இடிக்கிற சத்தத்தை மேளம் முழுங்கிவிட்டது. மண்டப வாசலில் படீரென்று ஒரு சத்தம். பட்டாசு என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை இறங்கினார், ஆரத்தி எடுத்தார்கள். மாடி ஜன்னலில் சுகந்தி சிரித்தபடி நின்றிருந்தாள்.

"ஹெட்டு வெடிச்சிடுச்சு. இனிமே ஓடாது" என்றார் இவர், என் காதோடு.

அந்தக் கார் தொலையட்டும் என்று நான் வேண்டாத நாளில்லை. இப்போது நானே முந்தானையால் அதன் கதவைத் துடைத்துவிட்டேன். அதற்குள் திருமலை வந்து காரைத் தட்டிப் பார்த்தார்.

"பரவால்லியே, ஓடுதே. சத்தம்தான் கொஞ்சம் ஜாஸ்தி. அடுத்த மாசம் என் பேத்திக்குக் காதுகுத்து. எடுத்தாந்துடுங்க."

இவர் ஒரு தரம் மாடி ஜன்னலைப் பார்த்தார்.

"எடுத்தாறேங்க, மாமா" என்றார்.