ஐம்பதுக்கு மேல் இடமில்லை

“அவசரந்தான்க்கா இந்தப் பெட்டிக்கு. வேற ஒண்ணும் இல்ல.”

“எங்க ஊட்டுக்காரர் மாதிரின்னு சொல்லு,” என்றாள் பிரேமலதா.

கிரண்குமார் சிரித்தான். மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ் பெட்டியைச் சரிசெய்ய அவன் திருப்பதியிலிருந்து கங்காதர நெல்லூர் வந்திருந்தான். பிரேமலதாவின் தக்காளி பூவிட்டிருந்தது. சொட்டுநீர்க் குழாயில் அழுத்தம் குறைந்தால் டிரைவ் மோட்டாரை விரட்ட வேண்டும், கூடினால் தளர்த்த வேண்டும். இதுவோ ஒரு நிலையில் நிற்காமல் விரட்டுவதும் தளர்த்துவதுமாக அலைந்தது.

அந்தப் பெட்டிக்குள் இரண்டு எண்கள். ஒன்று, இந்த நொடியின் குறைக்கு மட்டும் பதில் சொல்லும். மற்றது, போன நொடிகளின் குறையையெல்லாம் சேர்த்துவைத்துக்கொண்டு தள்ளும். யாரோ இரண்டாவதை மிக அதிகமாக வைத்திருந்தார்கள். அதைக் குறைத்தான், காத்திருந்தான், முதலாவதைச் சற்று ஏற்றினான். போனில் அழுத்தத்தின் கோடு ஒருவழியாகப் படுத்தது, காற்றில்லாத ஏரியைப் போல.

பிரேமலதா நிம்மதியாகப் பேசத் தொடங்கினாள். அவளும் கணவர் பாலையாவும் இதை வாங்கும்வரை மற்றவர் கழனியில்தான் கூலி வேலை செய்தார்கள். இது முதல் சொந்த நிலம். போர் போட இடம் பார்த்தபோது, நீரோட்டம் இருந்தால் நிமிரும் என்ற தேங்காய் அவள் உள்ளங்கையில்தான் எழுந்து நின்றதாம். இதை விற்றுவிட்டு, தான் இப்போது கம்பெனி வேலை செய்யும் தடாவுக்கே வந்துவிடச் சொல்கிறாராம் பாலையா.

அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே கோடு இறங்கத் தொடங்கியது. துடிக்கவில்லை. மெதுவாக, நேராக இறங்கியது. டிரைவும் பதறாமல் மோட்டாரின் வேகத்தை நாற்பத்து நான்கு ஹெர்ட்ஸுக்கு ஏற்றியது, பிறகு நாற்பத்தேழு, ஐம்பது. அதற்கு மேல் இடமில்லை. கோடு மட்டும் இறங்கிக்கொண்டே இருந்தது. இத்தனை நாள் அந்த அலைச்சலில் இது யார் கண்ணிலும் படவில்லை.

மோட்டார் கருகிவிடுமே என்று அணைத்தான். மிஷின் இப்போது சரியாகத்தான் வேலை செய்கிறது, கீழேயிருந்து தண்ணீர்தான் வரவில்லை என்று தரையைப் பார்த்தபடி சொன்னான்.

அவள் வரப்பில் உட்கார்ந்து, கைக்கெட்டிய செடியின் இலையை வெறுமனே தடவினாள்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் பாலையா போன் செய்தார். அவள் அதைக் காதில் வைக்காமல், பேசும் இடத்தைக் கையால் பொத்திக்கொண்டு அவனிடம் நீட்டினாள்.

“மிஷின்ல இன்னும் வேல கீதுன்னு சொல்லு தம்பி. நீ சொன்னா நம்புவாரு.”