நாடு பிறந்த அன்று

நாலாம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில் நின்றுபோயிருந்த லிஃப்டின் கூரைமேல் குத்தவைத்து உட்கார்ந்து, அறுந்த ஒயரைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் அவனுக்குப் போன் வந்தது. மகள் படிக்கும் பாலர் பள்ளியின் டீச்சர். குழந்தைக்கு ஒன்றுமில்லை, நன்றாகத்தான் இருக்கிறாள் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அவன் ஒயரைத் தேடுவதை நிறுத்தினான்.

"முடிஞ்சா இன்னிக்கே ஒரு தடவ வந்துட்டுப் போங்க சார். போன்ல பேசற விஷயமில்ல."

கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டு, மீதி வேலையைக் கூட்டாளியின் தலையில் கட்டிவிட்டுக் கிளம்பினான். மகள் குருவி யாரையாவது கடித்து வைத்திருப்பாளோ என்று வழியெல்லாம் யோசனை. போன வருஷம் ஒரு பையனைக் கடித்தாள். ஏன் என்று கேட்டதற்கு, அவன்தான் கையை வாய்ப்பக்கம் கொண்டுவந்தான் என்றாள். தூங்கும் நேரம் தவிர வாய் ஓயாததால் வீட்டில் அவளுக்குக் குருவி என்றே பெயராகிவிட்டது. பள்ளியில் சேர்க்கும்போது நிஜப் பெயரைச் சொல்ல அவள் அம்மாவே ஒரு நொடி தடுமாறினாள்.

பிள்ளைகள் வெளியே விளையாடிக்கொண்டிருந்தார்கள். வகுப்பறைச் சுவர் முழுக்க கிரேயானில் தீட்டிய தேசியக் கொடிகள். சிலவற்றில் கோடுகள் நெடுக்காக இருந்தன, ஒன்றில் ஒரு பூனையும் இருந்தது. டீச்சர் சின்ன வயதுக்காரர். வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகியிருக்காது. உட்காரச் சொல்லி ஒரு குட்டி நாற்காலியைக் காட்டினார். அவன் உட்கார்ந்தபோது முழங்கால்கள் நெஞ்சுவரை வந்தன.

"அடுத்த வாரம் நாடு பொறந்த நாள் விழா இருக்கில்ல சார். அதப்பத்தி என்ன தெரியும்னு பிள்ளைங்ககிட்ட கேட்டேன். ஒருத்தன், நாட்ட கப்பல்ல கொண்டுவந்து எறக்கினாங்கங்கறான். ஒருத்தி, முன்னாடி இங்க டைனோசர்தான் இருந்துச்சு, முதல் தலைவர் வந்து வெரட்டிட்டாருங்கறா. இதெல்லாம் எனக்குப் பழக்கந்தான். சரி, வீட்ல பெரியவங்க யாருகிட்டயாவது கேட்டுட்டு வாங்கன்னு சொல்லி அனுப்பினேன். மறுநாள் உங்க பொண்ணு சொன்னதுதான்..."

"என்ன சொன்னா?"

டீச்சர் மேசையில் கிடந்த பென்சிலை நேராக வைத்தார். "உங்க பேரச் சொல்லி, நாடு பொறந்த அன்னிக்கு அவர பெரிய கேட்டுக்கு அந்தப் பக்கம் விட்டுட்டு வந்துட்டாங்க, இன்னும் வரலன்னு சொல்றா. தப்பா எடுத்துக்காதீங்க சார். வீட்ல நீங்களும் அவங்க அம்மாவும்..."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒரே வீட்லதான் இருக்கோம் டீச்சர். காலையிலகூட மோட்டார் சுவிட்ச யாரு அணைக்கறதுன்னு சண்ட போட்டோம்."

குருவியைக் கூப்பிட்டார்கள். மண்ணும் வியர்வையுமாக ஓடிவந்தவள், வேலை நேரத்தில் அப்பாவைப் பார்த்ததில் கொஞ்சம்கூட ஆச்சரியப்படவில்லை. விஷயத்தைக் கேட்டதும், இதுகூடவா தெரியாது என்பதுபோல் இருவரையும் பார்த்தாள்.

"நீங்க இல்லப்பா. உங்க பேரு வச்ச இன்னொரு ஆளு. தாத்தாவோட தம்பி."

"தாத்தாவுக்குத் தம்பி கிடையாதேம்மா."

"இருக்காரு. குட்டித் தம்பி. என்னவிடக் குட்டி."

பிறகு அவளே சொன்னாள். லாரி ரெண்டு. முதல் லாரியில் தாத்தாவும் தாத்தாவுடைய அப்பாவும் சாமான்களும். பின்னால் வந்த லாரியில் தாத்தாவுடைய அம்மாவும் தம்பியும். முதல் லாரி கேட்டைத் தாண்டி வந்துவிட்டது. அப்போது நாடு பிறந்துவிட்டது. கேட்டை மூடிவிட்டார்கள். நாடு பிறந்தால் கேட்டை மூடுவார்கள். எல்லாரும் பாட்டுப் பாடினார்கள். சொல்லிக்கொண்டே அவள் ஷூவுக்குள் போன மண்ணைத் தட்டிக் கொட்டினாள்.

"தாத்தாவோட அம்மா காய்ச்சல்ல செத்துட்டாங்கல்ல?" என்றான். அவனுக்குச் சொல்லப்பட்டிருந்தது அதுதான்.

"சாகல. கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு கை காட்டினாங்க."

"அப்புறம்?"

"அவ்ளோதான். அப்புறம் தாத்தா டிவி போட்டுட்டாரு."

அவள் மறுபடி விளையாடப் போனாள். இன்னொரு சிக்கலும் இருப்பதாக டீச்சர் தயங்கிச் சொன்னார். தெளிவாகப் பேசுகிறாளே என்று மேடையில் ஒரு வரி சொல்லக் குருவியைத்தான் நிறுத்தியிருந்தார். 'நாடு பிறந்த இந்நாள் எல்லோருக்கும் இனிய நாள்.' அதில் 'எல்லோருக்கும்' என்ற சொல்லை மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறாள். தாத்தாவுக்கு இல்லையாம். வேறு பிள்ளையை மாற்றிவிடும்படி தலைமையாசிரியை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

"நான் பேசிப் பாக்கறேன்," என்றான் அவன்.

வீட்டுக்குப் போனபோது அவன் அப்பா கட்டிலில் உட்கார்ந்து, காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். காலமெல்லாம் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்றதும் வீட்டில் எடுத்துக்கொண்ட உத்தியோகம் இது. துண்டுகள் ஓர் அடுக்கு, சட்டைகள் ஓர் அடுக்கு, குருவியின் கவுன்கள் தனியாக. என்ன சீக்கிரம் வந்துவிட்டாய் என்று கேட்டார். அவன் நின்றபடியே அந்தத் தம்பியைப் பற்றிக் கேட்டுவிட்டான். அவர் கையிலிருந்த துண்டை ஒருமுறை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தார்.

"யாரு சொன்னது?"

"உங்க பேத்திதான். பள்ளிக்கூடம் பூராத் தெரிஞ்சிருக்கு. எனக்குத்தான் தெரியல. நானும் சின்ன வயசுல கேட்டிருக்கேன்பா. எல்லாரும் எப்படி வந்தாங்களோ அப்படித்தான் வந்தோம்னு சொன்னீங்க."

"உன்கிட்ட எப்படிச் சொல்றது? அவன் பேர வேற உனக்கு வச்சுட்டேன்."

அவன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தான். ஊரில் பாதி அப்பாக்கள் மகனைத் தம்பி என்றுதான் கூப்பிடுகிறார்கள். இவரும் அவனை அப்படித்தான் கூப்பிடுவார், பெயர் சொன்னதே இல்லை. செல்லம் என்று நினைத்திருந்தான். அந்தப் பெயரைத் தன் வாயால் சொல்ல முடியாத ஒருவர் அதையே தேடிப்பிடித்து மகனுக்கு ஏன் வைத்தார் என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

"தேடலையா நீங்க?"

"எங்கப்பா தேடினாரு. எல்லையத் தாண்டிப் போக விடச் சொல்லி எங்கெங்கயோ போய் மனு குடுத்தாரு. அப்புறம் ரெண்டு பேரும் செத்துட்டாங்கன்னு நாங்களே சொல்லிக்கிட்டோம். அப்படிச் சொன்னப்புறந்தான் சோறு எறங்குச்சு."

"இருப்பாங்களா?"

"அம்மா இருக்க மாட்டாங்க. அவன் இருக்கலாம். என்னவிட அஞ்சு வயசு சின்னவன்." அவர் கவுன் ஒன்றை எடுத்து மடியில் வைத்துச் சுருக்கத்தை நீவினார். "குருவி கேட்டப்போ ஒண்ணும் தோணல. லாரி என்ன கலருன்னு கேட்டா. பச்சைன்னேன். சொன்னப்புறந்தான், ஆமா பச்சைதான்னு எனக்கே ஞாபகம் வந்துச்சு. நீயெல்லாம் லாரி கலரு கேக்க மாட்ட. ஏன் வெளிய சொல்லலன்னு கேப்ப."

அவன் அதைத்தான் கேட்க இருந்தான். கோபமும் இருந்தது. முப்பது வருஷத்துக்கு மேலாக இன்னொருவருடைய பெயரில் நடமாடியிருக்கிறான். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் எதிரில் இருந்தவரின் விரல்கள் கவுனில் இல்லாத சுருக்கத்தை நீவிக்கொண்டே இருந்தன. அவன் ஒரு சட்டையை எடுத்து மடிக்க ஆரம்பித்தான். சரியாக மடிக்கவில்லை என்று அவர் அதை வாங்கித் திரும்ப மடித்தார்.

மறுநாள் குருவியை விடப்போனபோது டீச்சர் வாசலிலேயே நின்றிருந்தார். பேசிப் பார்த்தீர்களா என்றார்.

"அவகிட்டப் பேசல டீச்சர். எங்கப்பாகிட்டதான் பேசினேன்."

டீச்சர் குருவியின் பையை வாங்கிக்கொண்டார். பிறகு, "அந்த வார்த்தைய எடுத்துட்டேன் சார். 'இந்நாள் இனிய நாள்', அவ்ளோதான். எங்க மைக்ல பாதி கேக்கவே கேக்காது. பெரிய டீச்சர் கவனிக்க மாட்டாங்க," என்றார்.

ஒவ்வொரு வருஷமும் அந்த நாளில் அப்பாவுக்குத் தலைவலி வரும். கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுவார். வெடிச்சத்தம் ஆகாது என்றுதான் வீட்டில் எல்லாரும் நினைத்திருந்தார்கள். இந்த வருஷம் காலையிலேயே குளித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். குருவியின் அம்மா, வெயிலாக இருக்கும் மாமா, தொப்பி போட்டுக்கொள்ளுங்கள் என்றாள்.

பள்ளி மைதானத்தில் நடுவரிசையில் இடம் கிடைத்தது. நாலைந்து பிள்ளைகள் ஆடினார்கள், பஞ்சு மீசை ஒட்டிய ஒருவன் முதல் தலைவராக வந்து கையசைத்தான். பிறகு குருவி. மைக் அவளுக்கு உயரமாக இருந்ததால் டீச்சர் வந்து தாழ்த்தினார்.

"நாடு பிறந்த இந்நாள் இனிய நாள்," என்றாள். நன்றாகவே கேட்டது. டீச்சர் கையை நீட்டினார். குருவி நகரவில்லை. கூட்டத்தில் யாரையோ தேடினாள், கண்டுபிடித்தாள். "நெறையப் பேருக்கு," என்றாள். "கொஞ்சப் பேருக்கு இல்ல."

கூட்டம் சிரித்தது. குழந்தை வரியை மறந்துபோய் ஏதோ சொல்கிறது என்று நினைத்துப் பலமாகக் கைதட்டினார்கள். தலைமையாசிரியையும் தட்டினார்.

அந்தக் கைதட்டலுக்குள் அப்பா எழுந்து நின்றார். கைதட்டவில்லை, சும்மா நின்றார். சத்தம் அடங்கிய பிறகும் நின்றார். பின்னாலிருந்து யாரோ, பெரியவரே உட்காருங்க, மறைக்குது என்றார்கள். அவருக்குக் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. அவன் அவர் சட்டையைப் பிடித்து இழுக்கக் கையைக் கொண்டுபோனான். இழுக்கவில்லை. அவனும் எழுந்து அவர் பக்கத்தில் நின்றுகொண்டான்.

மேடையில் அடுத்த பையனை மைக்குக்கு முன்னால் தள்ளிவிட்டிருந்தார்கள். காகிதக் கிரீடம் அவன் புருவம்வரை இறங்கியிருந்தது. உட்கார்ந்திருந்த அத்தனை தலைகளுக்கும் நடுவில் அந்த இரண்டு பேர் மட்டும் நிற்பதைக் கண்டு பையன் திகைத்தான். வாயைத் திறந்தான். ஒரு கையால் கிரீடத்தை மேலே தள்ளிப் பிடித்தபடி, அவர்கள் முதலில் ஏதாவது சொல்வார்கள் என்பதுபோலக் காத்திருந்தான்.