பால் குழாயில் விளைந்த துணி

2004ஆம் ஆண்டு சித்திரையில், கொமரலிங்கத்தில் வள்ளியாத்தாள் நடத்திவந்த பால் குளிரூட்டும் நிலையத்தின் குழாயிலிருந்து நாலு கெஜம் பனியன் துணி வந்தது. தையலே இல்லாமல் வட்டமாகப் பின்னியிருந்தது. தொட்டால் ஜில்லென்று இருந்தது. காதர்பேட்டையில் பனியன் வியாபாரம் செய்த அவளுடைய தம்பி மகுடேஸ்வரன் இரண்டு விரலால் தடவிப் பார்த்து, "எடை நூத்தியறுவது ஜிஎஸ்எம் வருமுங்க அக்கா. ஒரு ஓட்டை இல்லீங்க" என்றான். உச்சி வெயிலில் போட்டுப் பார்த்தவர்களுக்கு வேர்க்கவில்லை. அடுத்த வாரமும் வந்தது. வடக்கத்தி வியாபாரி ஒருவர் வருகிறதையெல்லாம் எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

வள்ளியாத்தாள் லேசில் கலங்குகிறவள் அல்ல. ஆனால் துணி வரத் தொடங்கியதிலிருந்து பால் கசந்தது. நல்லூரில் பனியன் கம்பெனிப் பெண்கள் தங்கியிருந்த ஹாஸ்டலுக்கு அவள் பால்தான் போனது. ஹாஸ்டலைப் பார்த்துக்கொண்ட கருத்தம்மா தெற்கத்திக்காரி, நேரிலேயே வந்துவிட்டாள். "காய்ச்சுனாலும் கசக்குது. பிள்ளைக துப்புதாளுக. இன்னொரு தடவ இப்பிடின்னா நாங்க வேற பால் பாத்துக்கிடுதோம்." அந்த வாடிக்கை போனால் நிலையத்தை மூட வேண்டியதுதான், வள்ளியாத்தாளை நம்பி மாடு வைத்திருந்தவர்கள் பாலைத் தூக்கிக்கொண்டு எங்கே போவார்கள்? அன்றே பால் பரிசோதிக்கிறவர்களுக்குச் சொல்லியனுப்பினாள்.

தப்பு அக்காள் தம்பி இருவருடையதும். துணி பின்னும் நிட்டிங் மெஷினை ஓட்டுகிற மாதிரியே குளிரூட்டும் மெஷினையும் ராப்பகலாக நிறுத்தாமல் ஓட்டச் சொன்னவன் அவன். குளிரில் எந்தக் கிருமியும் பிழைக்காது என்று நம்பியவள் இவள். ஆகவே கழுவுவது என்றால் பச்சைத் தண்ணீரை விட்டு அலசுவதோடு சரி, குழாய் மூட்டுகளைக் கழற்றியதே இல்லை. பாலைப் பரிசோதிக்க வந்த ஜனனி துணியைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. "இது குளிருக்குப் பழகுன கிருமிங்க. ரப்பர் வாஷர் சந்துல ஒட்டிக்கிட்டு, மேல பசையைப் போத்திக்கிட்டுக் குடித்தனம் பண்ணுது. அந்தப் பசைதான் துணியா வருது. மருந்து ஊத்தினா போர்வையோட நின்னுருதுங்க. பாலைக் காய்ச்சினா கிருமி செத்துரும், அது உட்டுட்டுப் போன சரக்குதான் கசக்குது. மூட்டுகளைக் கழட்டித் தேய்ச்சாத்தான் போகும்" என்றாள்.

மகுடேஸ்வரன் கெஞ்சினான். துணி இனி கிடைக்காது என்றான். "ஆஸ்டல் புள்ளைங்களுக்கு உன்ற துணியைக் காய்ச்சி ஊத்தச் சொல்றயா கண்ணு?" என்று கேட்டுவிட்டு, வள்ளியாத்தாள் அவன் கையிலேயே ஸ்பானரைக் கொடுத்தாள். நிலையம் முதல்முறையாக நின்றது. மூட்டு மூட்டாகக் கழற்றினார்கள். பழைய வாஷர்களை எறிந்தார்கள். சுடு தண்ணீரில் காஸ்டிக் சோடா கலந்து, உள்ளே பிரஷ் விட்டுத் தேய்த்தார்கள்.

பாதித் தேய்ப்பிலேயே துணி தானாக வெளியே வந்தது. பட்டப்பகலில், பால் ஊற்ற வந்தவர்களெல்லாம் பார்த்திருக்க, வாசலில் ஊர்ந்துபோய் வேலியோரம் கிடந்த ஓட்டைத் தொட்டிக்குள் இறங்கியது. சைக்கிளில் வந்தவர் ஒருவர் இறங்கி வழிவிட்டார்.

கருத்தம்மா மறுநாள் பாலை வாயில் வைத்தாள், முழு டம்ளரையும் குடித்தாள். "நாளையிலிருந்து ரெண்டு கேன் கூடப் போடுங்க" என்றாள். வள்ளியாத்தாள் அதன்பின் ஒரு நாளும் குழாய் மூட்டுகளைக் கழற்றிக் கழுவாமல் விட்டதில்லை. திரிந்த பால் இருந்தால் மட்டும் வேலியோரத் தொட்டியில் ஊற்றிவிட்டு வருவாள். ஏன் என்று கேட்டவர்களிடம், "அதும் எங்கியாச்சும் இருந்துட்டுப் போகுது சாமி, என்ற பாலுக்குள்ள வேண்டாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த கேனைத் திறப்பாள்.